சொட்டக்காவின் கை

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எல்லோரும் அவரைச் சொட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லித் தேடி வந்தால் வாசல் காவலரே கொஞ்சம் யோசிப்பார். வெளியிலிருந்து எந்தப் பாட்டில் வந்தாலும் முதல் வேலையாக மூடியைத் திறந்து இரண்டு சொட்டு நைட்ரிக் அமிலம் விடுவார். தண்ணீரில் இருக்கிற உலோகம் பாட்டிலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் அமிலம் காக்கும். கல்லூரி முடித்து வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றது. பிறகு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பேசிக்கொண்டே விடுவார், சண்டை போட்டுக்கொண்டே விடுவார். வீட்டில் எலுமிச்சம்பழத்தைக்கூடச் சொட்டுக் கணக்கில்தான் பிழிகிறாள் என்று கணவர் கேலி செய்வார்.

அந்தக் காலத்தில் தண்ணீரிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: உலோகம் எவ்வளவு இருக்கிறது? பிறகுதான் எந்த வடிவத்தில் இருக்கிறது என்ற கேள்வியும் வந்தது. குரோமியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூன்றாம் நிலை வடிவம் அவ்வளவாகத் தீங்கு செய்யாது. ஆறாம் நிலை வடிவம் உடம்பின் செல்லுக்குள் நுழைந்து புற்றுநோய்வரை கொண்டுபோகும். மொத்தத்தை மட்டும் அளந்தால் எது எவ்வளவு என்று தெரியாது. அதனால் தண்ணீரை முதலில் ஒரு மெல்லிய எஃகுக் குழாய்க்குள் செலுத்துவார்கள். உள்ளே அடைத்திருக்கும் பொடி ஒரு வடிவத்தைச் சீக்கிரம் விட்டுவிடும், மற்றதைப் பிடித்துவைத்துத் தாமதமாக விடும். வெளியே வர வர ஒரு கருவி அளக்கும். கணினித் திரையில் இரண்டும் இரண்டு குன்றுகளாக எழும். கூடத்தில் சுருக்கமாக ‘மூணு’, ‘ஆறு’ என்பார்கள். அந்தக் கருவியோடு மல்லுக்கட்டிப் பழகியவர் சொட்டக்கா ஒருவர்தான்.

இந்த வேலைக்கு வருகிற பாட்டிலில் அமிலம் படவே கூடாது. அமிலம் பட்டால், தண்ணீரில் உள்ள அழுக்கோடு சேர்ந்து அது ஆறை மூணாக்கிவிடும். காரக் கரைசல்தான் விட வேண்டும். இதைப் புதிதாக வருபவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவரும் அவரே.

ஒருநாள் சாக்கடையோரத் தெரு ஒன்றிலிருந்து கிணற்றுத் தண்ணீர் வருவதாக இருந்தது. மொத்தக் குரோமியம் ஏற்கெனவே அதிகம் என்று தெரிந்திருந்தது. அதே தெருவில் குழாய்ப் பிடிகளுக்கும் சைக்கிள் ஹேண்டில்பாருக்கும் குரோமியப் பூச்சுப் போடும் பட்டறை இருந்தது. பட்டறைக்காரர் சொட்டக்காவின் தம்பி.

சொட்டக்கா நேராகக் கூடத்துத் தலைவரிடம் போனார்.

“சார், அது என் தம்பி பட்டறை இருக்கிற தெரு. வேற யாராவது பாக்கட்டும்.”

“வேற யாரும்மா இருக்கா? அந்த மெஷின் உங்க பேச்சைத்தான் கேக்குது. நீங்களே ஓட்டுங்க. நான் பாக்காம எதுவும் வெளிய போகாது.”

தண்ணீர் எடுத்துவரப் போன கூடத்து டிரைவர் பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது தம்பியின் போன் வந்தது. சொட்டக்கா அதைத் தோளில் இடுக்கிக்கொண்டு பாட்டிலின் மூடியைத் திருகினார்.

“அக்கா, தெருவுல ஒருத்தரும் முகம் குடுத்துப் பேசல. ஆறுன்னு வந்தா பட்டறைக்கு சீல்தான். ஆளுங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“என்கிட்ட கேக்காதடா. நான் எதுவும் சொல்லக் கூடாது. போனை வை.”

அன்று மாலை கருவியை ஓட்டினார். மூணு மட்டும் பெரிதாக எழுந்தது. ஆறு வர வேண்டிய இடத்தில் கோடு தரையோடு தரையாகப் போயிற்று. தலைவர் திரையைப் பார்த்து, “மண்ணே ஆறை மூணா மாத்தியிருக்கும். நடக்கிறதுதான்” என்றார். சொட்டக்காவுக்குத் தலையிலிருந்து பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

ஆனால் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த முடிவையும் அனுப்புவதற்கு முன் அதே தண்ணீரில் கொஞ்சம் ஆறைத் தாங்களே கலந்துவைப்பார்கள். போட்டது திரும்பி வந்தால்தான் முடிவை நம்பலாம். அவரும் கலந்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். காலையில் ஓட்டினால் போட்ட ஆறைக் காணோம், மூணுதான் கூடியிருந்தது. சுத்தமான தண்ணீரில் கலந்து ஓட்டினார். ஆறு ஒழுங்காக வந்தது. அப்படியானால் கருவியில் கோளாறில்லை.

நிறம் மாறும் தாளைக் கிழித்துப் பாட்டிலில் தொட்டார். காரமாயிருக்க வேண்டிய தண்ணீரில் தாள் சிவந்தது.

நேற்றுப் போன் தோளில் இருந்தபோது கை என்ன செய்தது என்று அவருக்கு நினைவில்லை. நினைவில்லாததால்தான் என்ன செய்திருக்கும் என்பது நிச்சயமாகத் தெரிந்தது.

“சார், பாட்டில்ல அமிலம் விட்டிருக்கேன்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஆறு தேடுற பாட்டில்லயா?”

“ஆமா சார்.”

“சொட்டக்கான்னு சும்மாவா பேர் வெச்சாங்க.” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, “தம்பிக்கு நல்ல ரிப்போர்ட்டா இருந்துச்சேம்மா” என்றார்.

“அதான் சார் பயமா இருக்கு. நேத்து நான் ரொம்ப சந்தோஷப்பட்டுட்டேன்.”

டிரைவர் மறுபடி போனார். இந்த முறை பாட்டிலில் காரக் கரைசலை விட்டே கொடுத்தனுப்பினார்கள். அமிலக் குப்பியை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை டிரைவரிடமே கொடுத்தார் சொட்டக்கா. “உங்க கையை என்னக்கா பண்றது, அதையும் பூட்டிரலாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் அவர் வண்டியை எடுத்தார்.

தண்ணீர் வந்தவுடன் தலைவர் பக்கத்தில் உட்கார, சொட்டக்கா கருவியை ஓட்டினார். மூணு சிறிதாக வந்து போனது. பிறகு ஆறு எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது.

கிணற்றில் ‘குடிக்கக் கூடாது’ என்ற பலகை தொங்கியது. பட்டறைக்கு சீல் வைத்தார்கள். தம்பி அக்கா வீட்டுக்கு வந்து உட்காராமல் நின்றார்.

“நீதான் ஓட்டினியா?”

“நான்தான்.”

“மொதல்ல ஒண்ணும் இல்லன்னு வந்துச்சாமே.”

“அது என் தப்பால வந்தது. உன்கிட்ட போன்ல பேசிக்கிட்டே அமிலம் விட்டுட்டேன்.”

“அந்தத் தப்போடயே விட்டிருக்கலாமேக்கா.”

“உன் ஆளுங்க எந்தத் தண்ணிடா குடிக்கிறாங்க?”

பட்டறைப் பானையில் இருந்ததும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான்.

பூச்சுத் தொட்டியைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் தரை வெடித்து, கசிவு மண்ணுக்குள் இறங்கியிருந்தது. தம்பி கடன் வாங்கித் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டார், சீலை எடுத்த பிறகு பட்டறையைத் திறந்தார். வெகுநாள் கழித்துக் கூடத்து வாசலுக்குக் கிணற்றுத் தண்ணீரோடு அவரே வந்தார். சொட்டக்கா கையை நீட்டியதும் பாட்டிலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“நீ தொடாத. டிரைவர் அண்ணன்கிட்டதான் குடுப்பேன்.”

“வாங்க வேண்டியதே நான்தான்டா.”

“அப்ப மொதல்ல போனை மேசை மேல வை.”

போனை மேசையில் வைத்துவிட்டுச் சொட்டக்கா பாட்டிலை வாங்கினார். ஆறு நன்றாகக் குறைந்திருந்தது, ஆனால் போகவில்லை. கிணற்றுப் பலகையை இன்னும் எடுக்கவில்லை.