வைக்கோல் விரித்த கார்கள்

பீங்கான் ஏற்றிப் பிழைக்கிறவனுக்கு வேகத்தின் மேல் ஆசை வரக் கூடாது. வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் சுட்டெடுக்கிற பொம்மை, அகல் விளக்கு, ஃபியூஸ் கட்டை எல்லாவற்றையும் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. எனக்கோ விவரம் தெரிந்த நாளிலிருந்து கார்ப் பைத்தியம். தெருவில் போகிற கார் எதுவென்று எட்டிப் பார்க்காமல் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். சொந்தக் காரை ஒரே ஒரு தடவை நூறில் ஓட்டிப் பார்க்க வேண்டும், ஆசை அவ்வளவுதான். ஆசை ஒரு பக்கமும் பிழைப்பு ஒரு பக்கமும் இழுக்க நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பார்கள். நம்ம ஆட்கள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

பால்காரர் செய்ய வந்த உதவி

என் முதல் வண்டி ஒரு பழைய மூன்று சக்கர லோடு வண்டி. காரில்லை என்றாலும் மோட்டார் வண்டியாயிற்றே என்று தினமும் துடைத்துப் பொட்டு வைப்பேன். பீங்கான் லோடுக்கு ஒரு வழக்கம் உண்டு. பள்ளமோ வேகத்தடையோ வந்தால் வண்டியில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட வேண்டும். பின்னால் ‘கிளிங்’ என்று கேட்கிறதா என்று காது கொடுக்க வேண்டும். கேட்டுவிட்டால் அன்றைய பாடு வீண்.

கம்மாபுரம் சாலையில் ஒருநாள் அப்படி ஊர்ந்துகொண்டிருந்தேன். மொபெட்டில் பால் கேன் கட்டிய ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். கொஞ்ச தூரம் போனவர் என்ன நினைத்தாரோ, திரும்பி வந்தார். முகத்தில் கேலி இல்லை, நிஜமான கவலை. அதுதான் எனக்குச் சுருக்கென்று இருந்தது. அவர் கேட்டார்: “பெட்ரோலு தீந்துபோச்சாண்ணே? எங்கிட்ட கயிறு இருக்குது, கட்டி இழுத்துட்டுப் போறேன்.”

தட்டிப் பார்த்து வாங்கிய கார்

அடுத்து வந்தது வெள்ளை நிறத்தில் ஒரு பழைய டீசல் கார். புரோக்கர் வூட்டு வாசலில் அதைப் பார்த்ததுமே நான் காலி. எங்கள் பேட்டையில் எந்தப் பொருளையும் விரல் முட்டியால் தட்டிக் கேட்டுத்தான் எடுப்போம். ‘ணங்’ என்றால் நல்ல பொருள், ‘டொக்’ என்றால் கீறல். என் கை தன்னால் கதவைத் தட்டியது. நாலு கதவும் ணங். டிக்கியும் ணங். போகிற போக்கில் முன்கண்ணாடியையும் தட்டினேன். புரோக்கர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. கார்களைப் பற்றி ஊருக்கே பாடம் நடத்துகிறவன் நான் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுவாரமே இன்ஜின் படுத்துவிட்டது. கதையை முழுசாகக் கேட்ட மெக்கானிக், தானும் ஒரு தடவை கதவைத் தட்டிப் பார்த்தார். பிறகு ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்: “பாடி ணங்குன்னுதான் இருக்குது சார். இன்ஜின மட்டும் தனியா எங்கனா பாத்து வாங்கிக்கிங்க.”

மாட்டுக்குப் பிடித்த கார்

வேறு இன்ஜின் போட்டு அதே காரை ஓட்டினேன். கொலு சீசன் வந்தது. பேட்டையில் பொம்மைகளைப் பேக்கிங் செய்கிற என் மனைவி செல்வி, ஒரு வார்த்தை கேட்காமல் பின் சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு வைக்கோலை விரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. திட்டக்குடி பக்கம் மங்களூரில் ஒரு கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு டீ குடித்துத் திரும்பினால், திறந்திருந்த ஜன்னலுக்குள் ஒரு பசு கழுத்துவரை நுழைந்திருந்தது. பெருமாள், லட்சுமி, செட்டியார் பொம்மை எல்லாம் போர்வை போன கோலத்தில் நின்றார்கள்.

நான் பதறிக்கொண்டு பொம்மைகளைத் தட்டித் தட்டிப் பார்க்க, கடைக்காரர் மாட்டைத் தட்டிக்கொடுத்தபடி சொன்னார்: “பொம்மைக்கு ஒண்ணும் ஆவலைங்க. மிச்ச வைக்கோலயும் இங்கியே எறக்கிட்டுப் போயிடுங்க, நம்ம மாடுதான்.”

சிவப்புக் கார்

இப்போது இருப்பது புதுசு. சிவப்பு. வாங்கிய அன்றே செல்வியிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: இதில் ஒரு அகல் விளக்குகூட ஏறக் கூடாது, லோடுக்குத் தனி வண்டி இருக்கிறது. அவள் தலையாட்டினாள்.

பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, விழுப்புரத்தில் இருக்கிற அவள் தங்கையிடம் காரைக் காட்டக் கிளம்பினோம். உளுந்தூர்பேட்டையில் நாலுவழிச் சாலை வந்துவிடும், நூறு அங்கேதான். ஊரைத் தாண்டுவதற்குள் ஒரு வேகத்தடை வந்தது. பேசிக்கொண்டே வந்த இருவரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டோம். வெறும் காரில் காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறோம்! எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

நாலுவழிச் சாலையில் ஏறினேன். அறுபது. எழுபது. கார் வழுக்கிக்கொண்டு போனது. எண்பதைத் தொட்டது, இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்குத்தானே. எண்பத்தைந்தில் பின்னால் ‘கிளிங்’ என்றது.

என் கால் என்னைக் கேட்காமல் ஆக்ஸிலேட்டரை விட்டது. ஓரங்கட்டி டிக்கியைத் திறந்தேன். செல்வியின் பழைய புடவைக்குள் ஒரு தசாவதாரம் செட், தங்கை வூட்டுக் கொலுவுக்கு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் கை சும்மா இருக்குமா? மச்சத்தில் ஆரம்பித்துக் கல்கி வரை ஒவ்வொன்றாகத் தட்டினேன். பத்தும் ணங். எண்பத்தைந்தில் வந்தும் ஒன்றுகூடக் கீறவில்லை. கோபத்துக்கு நடுவே எனக்குக் கொஞ்சம் கர்வமும் வந்துவிட்டது, அதை மறைக்கப் போவதில்லை. அதற்குள் இறங்கி வந்த செல்வி, புடவையைத் திரும்பச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: “ஏங்க, வேற யாரு வண்டியா இருந்தாலும் வச்சிருப்பனா? நீங்க ஓட்டுனா ஒடையாதுன்னுதான வச்சேன்.”

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு விழுப்புரம் வரை நாற்பதிலேயே போனேன். என் ஸ்பீடாமீட்டரின் வலது பாதி இன்றைக்கும் ஷோரூமிலிருந்து வந்த மேனிக்குப் புத்தம் புதுசாக இருக்கிறது.