ஞானசுந்தரி அக்கா பாட்டெடுத்த உயரம்

அரக்கோணத்துக்குக் கொஞ்சம் முன்னால் சிக்னலுக்காக ரயில் நின்றிருந்தபோது இஸ்ரவேல் பாவாவிடமிருந்து போன் வந்தது. சென்னை ஆஸ்பத்திரியில் ஞானசுந்தரி அக்காவைப் பார்த்துவிட்டு நான் திருத்தணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளையில் நார் உரித்துக்கொண்டிருந்தார். ரயிலை விட்டுவிடாதே, காலையில் உனக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று என்னை விரட்டியதே அவர்தான். போனில் பாவா அதிகம் பேசவில்லை. "உங்கக்கா போய்ட்டாம்மா" என்றார். ஆங் என்றேன். எதிர் சீட்டில் இருந்த ஓர் அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டியபோதுதான் நான் சத்தமாக அழுதுகொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

நம் சபை மடலில் இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அவர் ஞானசுந்தரி அக்கா. மீதிப் பேருக்குத் தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்ட் அம்மா. அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்து, பாவாவைக் கட்டிக்கொண்டு திருத்தணிக்கு வந்தவர். எனக்கும் அவருக்கும் ரத்த சொந்தம் கிடையாது, பெஞ்சு சொந்தம்தான். நம் ஆலயத்தில் ஜன்னலோரத்து மூன்றாவது பெஞ்சில் அவர் உட்காருவார், பக்கத்தில் நான். எங்கள் பள்ளிப்பட்டுப் பக்கம் அக்கா புருஷனைப் பாவா என்றுதான் கூப்பிடுவோம். அப்படித்தான் அவருடைய கணவர் எனக்குப் பாவா ஆனார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைச் சொல்லி அக்கா வருத்தப்பட்டு நான் கேட்டதில்லை. வருத்தப்பட அவருக்கு நேரம் இருந்ததாகவும் தெரியவில்லை.

கீபோர்டு வாசித்த தம்பி வேலை கிடைத்து ஓசூருக்குப் போனபின் ஆலயத்தில் பாட்டெடுப்பது அக்காவின் பொறுப்பாயிற்று. கமிட்டி கூடி அவரை நியமித்ததாக நினைக்க வேண்டாம். போதகர் பாட்டு எண்ணைச் சொல்வார், நாம் புத்தகத்தைப் புரட்டி முடிப்பதற்குள் அக்கா முதல் அடியை எடுத்துவிடுவார். எடுக்கிற உயரம்தான் சிக்கல். முதல் அடியிலேயே அவர் மலையுச்சிக்குப் போய்விடுவார். நாமெல்லாம் அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்போம். இரண்டாம் சரணம் வந்தால் ஆண்கள் பக்கம் வாய் மட்டும்தான் அசையும். ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்ததும் பாவா ஒவ்வொரு வாரமும் கேட்பார்: "கொஞ்சம் கீழ எடுக்கக் கூடாதா?" அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வார்: "கீழ எடுத்தா நீங்க தூங்கிடுறீங்க." இந்த இரண்டு வரியையும் கேட்காமல் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் முடிந்ததில்லை.

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தைப் பற்றித் திருத்தணிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருடம் காவடிகள் நம் ஆலயத்தின் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது, மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெண் கேட்டுக்கு அருகில் நடக்க முடியாமல் நின்றுவிட்டார். ரோட்டுச் சூட்டில் பாதம் கொப்பளித்திருந்தது. அக்கா கேட்டைத் திறந்து அவரை உள்ளே கூட்டி வந்து, ஆலயத்தின் படியில் உட்காரவைத்து, கால் கழுவித் தேங்காயெண்ணெய் தடவினார். கமிட்டி மூப்பர் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. பெயர் வேண்டாம், அவரும் இதைப் படிப்பார். வேண்டுதலுக்கு மலைக்குப் போகிறவர்களுக்கு நம் படியில் என்ன வேலை என்று அவர் கேட்டார். அக்கா எண்ணெய்க் கையோடு நிமிர்ந்து பார்த்தார். "கால் எரியுதுன்னு ஒரு பொம்பள நிக்கறா. அந்தக் காலு எங்க போவுதுன்னு விசாரிச்சிகினா எண்ண தடவுவாங்க?" என்றார். மூப்பர் உள்ளே போய்விட்டார். அடுத்த ஆடியில் கேட்டருகே அக்கா மோர்ப் பானை வைத்தார். அந்தப் பானைக்குக் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கிள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அதே மூப்பர்தான். இன்றுவரை அவர்தான் போடுகிறார்.

என் வீட்டுக்காரர் பள்ளிப்பட்டு ரோட்டில் பைக் விபத்தில் இறந்தபோது சபையில் எல்லோரும் வந்தீர்கள். எல்லோரும் ஆளுக்கொரு வசனம் சொன்னீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள், குறை சொல்லவில்லை. அக்கா ஒரு வசனமும் சொல்லவில்லை. நேராக அடுப்படிக்குப் போய் ரசம் வைத்தார். என் மகளை உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டார். இரவில் எனக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டார். ஞாயிறு வந்தது. நான் ஆலயத்துக்கு வரமாட்டேன், கர்த்தர்மேல் கோபமாக இருக்கிறேன் என்றேன். அப்படியெல்லாம் பேசக் கூடாது என்று அவர் அதட்டுவார் என எதிர்பார்த்தேன்.

"கோச்சிக்கோ. யாரு வேணான்னா?" என்றார் அக்கா. "வூட்ல உக்காந்து கோச்சிகினு இருந்தா நீயா கெடந்து வேகணும். வந்து எம்பக்கத்துல உக்காந்து கோச்சிக்கோ."

போனேன். பாட்டு வந்தபோது புத்தகத்தை மூடினேன். அக்கா அதை வாங்கித் திறந்து எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, "நீ பாட வேணாம். உம்பங்கையும் நான் பாடிக்கிறேன்" என்று காதருகே சொன்னார். எத்தனையோ மாதங்கள் அப்படித்தான் நடந்தது. நான் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் அக்கா இரண்டு பேருக்குமாகப் பாடிக்கொண்டிருப்பார். ஒரு ஞாயிறு என்னையறியாமல் கடைசிச் சரணத்தில் சேர்ந்துகொண்டேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முழங்கையால் என் விலாவில் ஓர் இடி இடித்தார். நான் மறுபடியும் விசுவாசத்துக்குள் வந்தது அந்த இடியில்தான் என்று நினைக்கிறேன். பிரசங்கம் செய்கிறவர்கள் மன்னிக்க வேண்டும்.

விசைத்தறியில் வேலை செய்து கண் மங்கிப்போன ஒரு பெரியவர் கடைசிப் பெஞ்சில் வந்து உட்காருவாரே, ஞாபகம் இருக்கிறதா? சொந்தம் என்று யாரும் இல்லாதவர். அவர் இறந்தபோது நல்ல மழை. கல்லறைத் தோட்டத்துக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். குழிக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. போதகர் ஜெபத்தை முடித்துவிட்டு, பாட்டை விட்டுவிடலாமா என்பதுபோல் எங்களைப் பார்த்தார். அக்கா அந்தப் பார்வையைக் கண்டுகொள்ளவே இல்லை. வழக்கமான உயரத்தில் எடுத்தார். ஒரு சரணமும் விடாமல் பாடினார். பாவா குடையை அக்காவுக்கு மேல் பிடித்துக்கொண்டு தான் நனைந்துகொண்டிருந்தார்.

திரும்பி வரும் வழியில் சேற்றில் செருப்பு ஒட்டிக்கொள்ள, அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். "பாட்டில்லாம யாரையும் அனுப்பக் கூடாது" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "எனக்கு நீ எடு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் குரல் உங்களுக்குத் தெரியும். வகுப்பில் அதட்டுவதற்கு மட்டும் உதவும். என் பாட்டைக் கேட்டால் பெட்டியிலிருந்து எழுந்து ஓடிவிடுவீர்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"நல்லா பாட வேணாம். எடுத்தாப் போதும். மத்தவங்க சேந்துக்குவாங்க. அதுக்குத்தான சபைன்னு ஒண்ணு வெச்சிகினு இருக்கோம்."

சரி என்று சொல்லிவைத்தேன். அவருக்கு முன்னால் நான் போய்விடுவேன் என்ற நினைப்பா, அவர் போகவே மாட்டார் என்ற நினைப்பா தெரியவில்லை. அதை அத்தோடு விட்டுவிட்டேன்.

அடக்கத்தன்று ஆலயம் கொள்ளாத கூட்டம். தாலுகா ஆபீசில் உடன் வேலை செய்தவர்கள் வாசலில் நின்றார்கள். அக்கா வீட்டுக்கு எதிரே பூக்கட்டும் கன்னியம்மா, மலைக்குக் கட்டி வைத்திருந்த மாலையைக் கொண்டு வந்து பெட்டிமேல் வைத்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாவா பெட்டியின் தலைமாட்டில் நாற்காலியில் இருந்தார். போதகர் பாட்டு எண்ணைச் சொன்னார். எழுந்து நின்றோம். புத்தகங்களைப் புரட்டினோம். புரட்டும் சத்தம் அடங்கியது.

யாரும் பாடவில்லை. அன்று அங்கே இருந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டாம், வராதவர்களுக்காகச் சொல்கிறேன். யாருக்கும் பாட்டு தெரியாமல் இல்லை. நாம் எல்லோரும் அக்கா எடுப்பார் என்று காத்திருந்தோம். பெட்டி கண்ணெதிரே இருக்கிறது, அக்கா அதற்குள் இருக்கிறார், நாம் பழக்கத்தில் ஜன்னலோரத்து மூன்றாவது பெஞ்சைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். போதகரும் அங்கேதான் பார்த்தார். அங்கே நான் மட்டும் நின்றிருந்தேன். என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. பெண்கள் பக்கம் ஒருவர் உடைந்து அழத் தொடங்கினார். அது அப்படியே ஆலயம் முழுக்கப் பரவியது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஜெபத்துக்குப் போயிடலாமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

பெரியவர் ஒருவருக்காக மழையில் நின்று எல்லாச் சரணமும் பாடியவர், ஒரு சரணமும் இல்லாமல் போகப்போகிறார் என்று எனக்குப் பட்டது. எந்த உயரத்தில் எடுப்பது என்று யோசிக்கவில்லை. அத்தனை வருடம் காதோரம் கேட்ட உயரம் ஒன்றுதான் எனக்குத் தெரியும். அங்கேயே எடுத்தேன்.

முதல் அடி முடிவதற்குள் குரல் கிழிந்துவிட்டது. இரண்டாம் அடியில் எனக்குக் காற்றுதான் வந்தது. நின்றுவிடும் என்று நினைத்தபோது பின்னாலிருந்து யாரோ பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஆண்கள் பக்கம், பிறகு வாசல். ஒருவருக்கும் எட்டவில்லை. எட்டாத இடத்தில் நின்றுகொண்டு அத்தனை பேரும் கத்தினோம். அழுதுகொண்டே சிலர் சிரித்ததையும் பார்த்தேன். மோர்ப் பானை மூப்பர் கழுத்து நரம்பு புடைக்கப் பாடினார். ஒரு சரணமும் விடவில்லை. சேர்ந்துகொள்வார்கள் என்று அக்கா சொல்லியிருந்தார், நீங்கள் சேர்ந்துகொண்டீர்கள். அன்று அதற்கு நன்றி சொல்ல எனக்குக் குரல் இல்லை. இப்போது சொல்கிறேன்.

மண் போட்டுவிட்டு எல்லோரும் கிளம்பியபின் பாவா கல்லறைத் தோட்டத்துக் கேட்டில் எனக்காக நின்றிருந்தார். "ரொம்ப மேல எடுத்துட்டம்மா" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. சொல்ல வேண்டிய பதிலும் தெரிந்தது. சொல்ல முடியவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறிப் போனார்.

அக்கா இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள் எப்படி இருக்கின்றன என்று கேட்காதீர்கள். பெஞ்சு நீளமாகிவிட்டது. புத்தகத்தை இன்னும் நடுவில்தான் பிடிக்கிறேன், அந்தப் பக்கம் பிடிக்க ஆளில்லை. அவருக்குப் பதில் இன்னொருவர் வருவார் என்று ஆறுதல் சொல்கிறீர்கள். வரமாட்டார். எனக்கு அது தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் போதகர் எண்ணைச் சொன்னதும் நான் எடுக்கிறேன். மோசமாகத்தான் எடுக்கிறேன். நான் வாய் திறக்காத மாதங்களில் என் பங்கையும் ஒருவர் பாடினார் அல்லவா, இப்போது அவர் பங்கு என்னிடம் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான், அதோடு அந்த உயரமும்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து பாவா வாசலில் நின்றிருந்தார். சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தார். "கொஞ்சம் கீழ எடுக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டார். நான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "கீழ எடுத்தா நீங்க தூங்கிடுறீங்க பாவா" என்றேன். அவர் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது. இருவரும் வெயிலில் அப்படியே நின்றோம்.

வரும் ஞாயிறும் அங்கேதான் எடுப்பேன். எட்டாதவர்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.