பாலனுக்குப் போட்ட வைக்கோல்

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் சேசு பாலன் மெத்தென்று படுத்ததே என் புண்ணியத்தால்தான் என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சுத்தப் பொய். பாலனுக்கு நான் போட்டது மூன்றே மூன்று வைக்கோல். அதிலும் இரண்டு, தங்கச்சியை அடிக்காமல் விட்டதற்கு. இதை நான் சொல்லச் சொல்லப் பேரன்தான் எழுதுகிறான்; எனக்குக் கைநாட்டுக்கு மேல் தெரியாது.

அரியலூருக்குத் தெற்கே எங்கள் ஊர். வெள்ளைக்காரன் காலம் முடியப்போகும் நேரம். கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரங்களில் அம்மா களிமண்ணில் சின்னதாக ஒரு மாட்டுத்தொட்டி செய்து குடிலில் காலியாக வைப்பாள். பிள்ளைகள் யாருக்காவது ஓர் உதவி செய்தால் அதில் ஒரு வைக்கோல் போடலாம். என்ன செய்தோம் என்று மட்டும் வெளியே சொல்லக்கூடாது. "சொல்லிக் காட்டுனா அது வைக்கோல் இல்லடா, முள்ளு. பாலன் முதுவுல குத்தும்" என்பாள். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காத நான் படித்தது இந்த ஒரு பாடம்தான். அதிலும் பெயில். தங்கச்சிதான் தொட்டியை நிரப்பினாள்.

அந்த வருடம் மழை பொய்த்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாளுக்குப் புருஷன் இல்லை. ஒரே ஒரு பசு, அதன் பாலில்தான் உலை கொதித்தது. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலை அந்த மாடு தீனியில்லாமல் படுத்துவிட்டது. எங்கள் கொட்டகையிலோ, கொள்ளிடக்கரை மாமா கொண்டுவந்து போட்ட ஒரு கட்டு வைக்கோல் இருந்தது.

"அண்ணே, ஒரு கத்தை குடுங்களேன். தின்னா எந்திரிச்சிரும்" என்று அந்தம்மாள் வேலியோரம் நின்று கேட்டார்.

அப்பா எங்கள் உழவு மாடுகளின் விலா எலும்பைப் பார்த்தார். "இதுவளுக்கே பொங்க வரைக்கும் ஓட்டணும் தாயி. கோவிச்சுக்காத."

குடிலுக்கு நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை.

சாயங்காலம் பாலன் சுரூபத்தை வைக்கப் போனால் தொட்டி மொட்டையாகக் கிடந்தது. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். என் பேர் அவ்வளவு நல்ல பேர்.

"நான்தான்மா எடுத்தேன். மாட்டுக்குக் குடுத்துட்டேன்" என்றாள் தங்கச்சி.

"பாலனுக்குப் போட்டதையாடி?"

"கட்டு அப்பாவோடது. எனக்குன்னு இருந்தது அதானே?"

"என்னோட மூணையும் சேத்தா?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அப்பா எழுந்துபோய்க் கட்டைப் பிரித்து ஒரு பெரிய கத்தையை உருவினார். வேலியைத் தாண்டுவதற்குள் அந்தம்மாளே வந்துவிட்டார். மடியில் தங்கச்சி கொடுத்த வைக்கோல். மாட்டின் எச்சில்கூடப் படவில்லை.

"மாடு போயிருச்சுண்ணே" என்றார், பஸ் போய்விட்டது என்பதுபோல. பிறகு தங்கச்சியிடம், "இந்தா பாப்பா. ஒங்க சாமிப் புள்ளைக்கே போட்டுரு. வெறுந்தொட்டியில கெடக்குமில்ல."

அப்பா கத்தையோடு அப்படியே நின்றார். அம்மா நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையும் வரவில்லை, கேலியும் வரவில்லை. பல் பிடுங்கிய இடம் மரத்துக் கிடக்குமே, அப்படி இருந்தது. தங்கச்சிதான் இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். வாங்கி, அப்பா முகத்தைப் பார்த்து...

"மாமா, வாசல்ல யாரோ தண்ணி கேக்குறாங்க. என் கையெல்லாம் மாவு. கதைய வுட்டுட்டு செத்த எந்திரிச்சுப் போங்களேன்!"

மருமகள்தான். போய்விட்டு வருகிறேன்; என் கணக்கில் நாலாவது வைக்கோல்.