பலாக்கொட்டை ஓட்டு

போன வருஷம் பலாப்பழம் பழுக்கும் சமயத்தில், கொல்லிமலையில், பல ஊர்கள் சேர்ந்த எங்கள் வளப்பூர் நாட்டில் நடந்தது இது. குழந்தைகளே, இதில் தோற்றவன் நான்தான். ஆனால் இவ்வளவு சந்தோஷமாக நான் தோற்றதே கிடையாது.

நான் பத்தாவது வரைக்கும் படித்த விவசாயி. எங்கள் ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. மிளகு என்ன விலை, பஸ் வந்ததா, யார் வீட்டு மாட்டைக் காணோம், இவ்வளவுதான் அதில் ஓடும். ஊர்ப் பிள்ளைகள் புத்தகம் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால் வாரம் ஒரு புத்தகம் பரிசு என்று குழுவில் அறிவித்தேன். மூன்று புத்தகங்களின் பெயரைப் போட்டு ஓட்டெடுப்பு வைப்பேன். ஜெயித்த புத்தகத்தை வாங்கி, பிள்ளைகளின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, வந்த பெயருக்குக் கொடுப்பேன்.

முதல் ஓட்டெடுப்பில் இரண்டு நாள் ஒருவரும் அசையவில்லை. மூன்றாம் நாள் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் ‘பொது அறிவு’ என்ற வரியை அமுக்கினார். பொழுது சாய்வதற்குள் நாற்பது பேர் அதையே அமுக்கிவிட்டார்கள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரம் ‘நீதிக் கதைகள்’ ஜெயித்தது. அதற்கடுத்து ‘விஞ்ஞானிகள்’. மூன்றுமே நான் ஆசைப்பட்டு முதல் வரியில் போட்டவை. ஒரு யானைக் கதை மட்டும் வாராவாரம் கடைசி வரியிலேயே கிடந்தது. ஊரே என்னைப் போல நினைக்கிறது என்று பூரித்துப்போனேன்.

நான்காவது வாரம், முதல் பரிசு வாங்கிய சிறுமியின் வீட்டுக்கு ஒரு வேலையாகப் போனேன். சுற்றிக் கொடுத்த காகிதம்கூடப் பிரிக்காமல் புத்தகம் அலமாரியில் இருந்தது.

“ஏன் கண்ணு, படிக்கலையா?”

“எனக்கு யானைக் கதைதானுங்க மாமா வேணும். அப்பாகிட்டச் சொன்னேன். கவுண்டர் அமுக்குனதத்தான் அமுக்குவேன்னுட்டாருங்க.”

எங்கள் ஊர் வழக்கம் அப்படி. எந்தக் காரியமானாலும் ஊர்க்கவுண்டர் முதலில் பேச வேண்டும். மற்றவர்கள் ‘சரிங்க’ என்பார்கள். போனிலும் அதையேதான் செய்திருக்கிறார்கள். நேராக அவர் வீட்டுக்குப் போனேன். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, அந்தப் புத்தகமெல்லாம் எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?”

“கண்ணாடி இல்லாம எனக்கு எங்க சாமி எழுத்து தெரியுது? ரெண்டு நாளா ஒருத்தனும் உன்னைச் சட்ட பண்ணல. பாவமேன்னு மேல இருந்தத அமுக்குனேன். அப்பறம் அதுவே பழகிப்போச்சு.”

“இவரு படிச்சுப் பார்த்து அமுக்குறாருன்னு ஊரே நெனச்சுட்டுக் கெடக்குது!” என்று அவர் மனைவி சிரித்தார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. வீட்டில் மகளிடம் சொன்னேன். “படிக்கப் போறவங்க கையில போனே இல்லீங்களேப்பா” என்றாள். ஒரே வரிதான். மூன்று வாரமாக எனக்கு உறைக்காதது அப்போதுதான் உறைத்தது.

இந்த முறை மூன்று புத்தகங்களையும் முன்கூட்டியே வாங்கி வைத்தேன். அந்த ஞாயிறு மூன்று மண்பானைகளின் வாயைத் துணியால் கட்டி, ஓட்டை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு புத்தகத்தின் அட்டைப்படத்தை ஒட்டினேன். ஆளுக்கொரு பலாக்கொட்டை. ஒவ்வொருவராக என் வீட்டு அறைக்குள் போய், பிடித்த பானையில் போட வேண்டும். யாரும் பார்க்கக் கூடாது. பிள்ளைகள் வராமல் போனால் இனிமேல் புத்தகப் பேச்சையே எடுப்பதில்லை என்று இருந்தேன். ஆனால் வாசலைத் தாண்டி வரிசை நின்றது! ஊர்க்கவுண்டரும் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“நீங்க கடைசீங்க! நாங்க போட்டப்பறம்தான்!” என்று பிள்ளைகள் கத்தினார்கள். அவரும் கடைசியில் போய் நின்றார்.

பானைகளைக் கவிழ்த்தோம். யானைக் கதைக்குக் கொட்டைகள் குவிந்தன. பறவைப் புத்தகத்துக்குக் கொஞ்சம். நான் ஆசையாக வழக்கம்போல முதலில் வைத்த ‘கணக்குப் புதிர்கள்’ பானையில் ஒரே ஒரு கொட்டை.

“உனக்கு மனசு ஒடஞ்சிரும்னு நாந்தான் போட்டேன் சாமி” என்றார் ஊர்க்கவுண்டர். அத்தனை பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான்.

குலுக்கலில் யார் பெயர் வந்தது என்பதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. புத்தகத்தை அங்கேயே பிரித்து, தலையோடு தலை முட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவரிடம் ‘உனக்கு எது பிடிக்கும்?’ என்று கேட்டால், அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை என் விருப்பத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ள அன்றிலிருந்து பழகி வருகிறேன்.