முதல் கூப்பாட்டுக்குத் திரும்பாதவர்கள்

நான் லடாக் போகிறேன் என்றதும் வீட்டில் யாரும் நம்பவில்லை. நடை, சைக்கிள், ஆற்றில் படகு மூன்றும் சேர்ந்த பயணம். "இந்த வயசுல ஒனக்கு எதுக்குடி இந்த வேல?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். தம்பி மட்டும், "நானும் வாரேங்க்கா" என்றான். பயணத்தை நடத்துகிறவர்கள் கண்டிப்பாகச் சொன்ன விதி ஒன்று உண்டு. எல்லாரும் ஜோடியாகத்தான் வர வேண்டும். ஒருத்தர் தண்ணீரிலோ பாறையிலோ இருக்கும்போது மற்றவர் கயிற்றோடு காவல் நிற்க வேண்டும். என் உயிர் அவன் கையில், அவன் உயிர் என் கையில். கூடப் பிறந்தவனைவிட நல்ல ஜோடி எங்கே கிடைக்கும் என்று பீற்றிக்கொண்டேன்.

நடந்து பழக நாகமலை இருந்தது. சைக்கிளுக்குத் திருநகரிலிருந்து திருமங்கலம் போகும் சாலை போதும். படகுக்குத்தான் திண்டாட்டம். வைகையில் பழகுங்கள் என்றார் ஒரு புண்ணியவான். மணலிலா துடுப்புப் போடுவது? கடைசியில் மேலூர்ப் பக்கம் கைவிடப்பட்ட கிரானைட் குவாரி ஒன்றைத் தம்பி கண்டுபிடித்தான். அல்வா வெட்டியதுபோல் நேராக அறுத்த பாறைச் சுவர்கள், நடுவில் அசையாத பச்சைத் தண்ணீர். அவ்வளவு பெரிய பாறைக்குள் எதிரொலியே இல்லை. கைதட்டிப் பார்த்தேன், சத்தம் அப்படியே உள்ளே போய்விட்டது. எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. வேறு தண்ணீர் கிடையாது என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

போய்ச் சேரும்போதே உச்சிப் பொழுதாகிவிட்டது. தம்பி கயிற்றோடு பாறைத் திட்டில் நிற்க, நான் காற்றடித்த படகில் ஏறினேன். வேண்டுமென்றே கவிழ்ந்து மறுபடி ஏறிப் பழக வேண்டும். கவிழ்ந்தேன். மேல்தண்ணீர் சுட்டது, காலுக்குக் கீழே ஐஸ். லைஃப் ஜாக்கெட்டின் பட்டையை ஒழுங்காக இறுக்கவில்லை; அது முகத்துக்கு ஏறியது. கால் படகுக் கயிற்றில் மாட்டிக்கொண்டது. இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஒரே ஒரு தடவை, "தம்பி!" என்று கத்தினேன்.

அவன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுக்க அந்தப் பக்கம் திரும்பியிருந்தான். நான் கத்தியது கேட்டது. கேட்டதென்று எனக்கு நன்றாகத் தெரியும். அவன் கழுத்து விறைத்தது. ஆனால் திரும்பவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மரம் மாதிரி நின்றான். எனக்குக் கத்த மூச்சில்லை. துடுப்பால் படகை ஓங்கி அறைந்தேன். அதற்குத்தான் திரும்பினான், கயிறு வந்து விழுந்தது.

கரையேறி இருமி முடித்ததும் அவன் முதுகில் ஒன்று வைத்தேன். "எருமை! காது கேக்கலையாடா?"

"கேட்டுச்சுக்கா. உச்சிப் பொழுது... இன்னொரு தடவ கூப்புடட்டும்னு நின்னேன்."

என் கோபம் பாதியில் நின்றது. எங்களுக்குச் சொல்லி வளர்த்தது அப்படி. ஆளில்லாத இடத்தில், உச்சி வேளையில் யாராவது கூப்பிட்டால் முதல் கூப்பாட்டுக்குத் திரும்பாதே. காத்துக் கருப்புக்கு ஒரு தடவைதான் கூப்பிட வரும். மனுசர் என்றால் மறுபடி கூப்பிடுவார்கள்.

"என் குரல் தெரியலையா?"

"ஒன் குரல்தான்க்கா. அதான் பயமே. அது தெரிஞ்ச குரல்லதான கூப்புடும்?"

பேங்க் வேலை, கையில் ஸ்மார்ட் வாட்ச், புத்தி மட்டும் இந்த லட்சணம். வழியெல்லாம் திட்டித் தீர்த்தேன். நானாக இருந்தால் முதல் சத்தத்துக்கே திரும்பியிருப்பேன் என்றேன்.

அடுத்த ஞாயிறு அவன் தண்ணீரில், நான் திட்டில். அன்றும் உச்சி வெயில்தான். கண்ணுக்குள் வியர்வை இறங்கியது. துண்டால் துடைக்க ஒரு நொடி திரும்பினேன். அப்போது தண்ணீர்ப் பக்கமிருந்து, "அக்கா" என்று கேட்டது. கத்தலாக இல்லை. சோறு போடச் சொல்லிக் கேட்பானே, அந்தக் குரல்.

அவன் மூழ்குகிறான், திரும்புடி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். கழுத்து அசையவில்லை. துடுப்புச் சத்தமும் இல்லை. இன்னொரு தடவை கூப்பிடுடா, ராசா, இன்னொரு தடவை என்று மனசுக்குள் கெஞ்சினேன். கூப்பிடவில்லை.

படகு பாறையில் உரசும் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினேன். அவன் படகில் உட்கார்ந்திருந்தான். தலைமுடி நனையவே இல்லை.

"கூப்டியா?"

"நானா? இல்லியே." என் முகத்தைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு தடவதானக்கா?" என்றான்.

மலைக்குப் போகத்தான் போகிறோம். ஜோடியை மட்டும் மாற்றித் தரச் சொல்லிவிட்டோம். அவ்வளவு உயரத்தில் காற்றே குறைவு. இரண்டாவது தடவை கூப்பிட யாருக்கு மூச்சிருக்கும்? என் கயிற்றைப் பிடிக்கப்போகிறவள் முன்பின் தெரியாத ஒரு பஞ்சாபிப் பெண். போனில் அவளிடம் கேட்டேன், முதுகுக்குப் பின்னால் யாராவது ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாயா என்று. பார்க்காமல் என்ன செய்வார்கள் என்று சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.