பத்து நிமிடத்தில் முடிந்த குறுக்கெழுத்து

என் கணவருக்கு ரிக் வண்டியில் வேலை. திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பினால் ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டே வடக்கே போய்விடுவார். திரும்பிவர ஐந்தாறு மாதம் ஆகும். மற்ற நாட்களில் எங்கள் பேச்சு, "சாப்ட்டீங்களா?" "சாப்ட்டன்" என்பதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் பேசுவோம். காரணம், பேப்பரில் வரும் குறுக்கெழுத்து.

நான் குறிப்பைப் படிப்பேன். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டதும் வண்டி ஆட்கள் அத்தனை பேரும் கூடிவிடுவார்கள். "மண்ணுக்குள் மறைந்திருப்பது, நான்கு எழுத்து" என்றேன் ஒருமுறை. "தண்ணீர்!" என்று அங்கே ஒரே கூச்சல். முதல் எழுத்து 'பு' என்றேன். யார் கேட்டார்கள்? "கட்டம் போட்டவன் ஒருநாளாச்சும் போர் ஓட்டிப் பாத்திருக்கானான்னு கேளு புள்ள" என்றார் இவர். புதையல் என்று ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் என் தொண்டை வறண்டுவிட்டது.

நான் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுப்பவள். சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? சொற்பட்டியல் ஒன்றை இறக்கி, ஒரு புரோகிராம் எழுதினேன். தெரிந்த எழுத்தைத் தட்டி, தெரியாத கட்டத்துக்குப் புள்ளி வைத்தால், பொருந்தும் சொற்களையெல்லாம் கொட்டிவிடும். முதல்முறை அது சரியாக ஓடியபோது நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டேன். பெருமை தாங்காமல் அவர் போனுக்கும் அனுப்பினேன். அதுதான் நான் செய்த மடத்தனம்.

அடுத்த ஞாயிறு, குறிப்பைப் படித்து முடிக்கும் முன்பே இரண்டு பக்கமும் விடை ரெடி. பத்தே நிமிடத்தில் கட்டமெல்லாம் நிறைந்துவிட்டது.

"அப்பறம்?" என்றார்.

"அப்பறம் ஒண்ணுமில்லீங்க."

"செரி, வெச்சரட்டுமா?"

வைத்தும் விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, என் மேலேயேதான். வாரம் பூராவும் காத்திருந்து கிடைக்கிற ஒரு மணி நேரத்தை நானே கெடுத்துக்கொண்டேனே! மூன்று ஞாயிறு இப்படியே போயிற்று.

நான்காவது ஞாயிறு, ஐந்தெழுத்துக் குறிப்பு ஒன்றைப் படித்தேன். விடை என் திரையில் பளிச்சென்று நின்றது.

"ஏனுங்க, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கறன்."

"அதுல தட்டிப் பாக்கலீங்களா?"

"பாத்தன். வந்துருச்சு. ஆனா எனக்குத் தெரியல புள்ள. உனக்குத் தெரியுதா?" என்றார்.

லேப்டாப்பை மூடினேன். "எனக்கும் தெரியலீங்க" என்றேன்.

அந்த ஐந்தெழுத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.