கப்பலுக்குப் பின்னால் இருந்த கதைகள்

செய்தி வந்தபோது மாலை நாலேகால். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவள் ஒரு லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இயந்திரத்தின் இரைச்சலில் போனில் கணவன் சொன்னது காதில் விழவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி கேட்டாள். "தம்பி போயிட்டான்," என்றான். பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லையாம்.

கொழுந்தன் லிப்ட் மெக்கானிக். தனி ஆள், அண்ணன் வீட்டின் கடைசி அறைதான் அவன் உலகம். பகலெல்லாம் கிரீஸும் கம்பியுமாக லிப்ட் குழிக்குள் நிற்பான். வீட்டுக்கு வந்து குளித்ததும் ஜப்பான் பேய்க்கதைப் படப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். எல்லாம் ஒரே ஓவியர் வரைந்தவை. கூட வேலை செய்பவர்கள் அவனுக்குப் 'பேய்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். "பேய் மேல ஏறியிருக்கு, கீழ யாரும் பட்டனை அமுக்காதீங்க" என்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். அவனுக்குக் கோபம் வந்ததெல்லாம் வேறு விஷயத்துக்கு.

அந்த ஓவியரைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது ஒரே ஒரு நெடுங்கதை. கரைக்கு வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும் பிணக்கப்பலின் கதை. பத்துத் தடிப் புத்தகங்கள். ஒவ்வொன்றின் கடைசியிலும் இடத்தை நிரப்ப இரண்டு மூன்று சிறுகதைகளைப் போட்டிருப்பார்கள். கப்பல் போனதும் வாசகன் புத்தகத்தை மூடிவிடுவான்.

"சினிமாவுல விளக்கு போட்டதும் எழுந்து ஓடுற மாதிரி ஓடுறாங்க அண்ணி. அந்த மனுஷன் உயிரைக் குடுத்து வரைஞ்சது அதுக்கப்புறம்தான் இருக்கு."

சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தபின் பிளேடை எடுத்தான். தடிப் புத்தகங்களின் பின்பக்கத்துக் கதைகளை மட்டும் அறுத்தெடுத்து, பழைய காலண்டர் தாளை அட்டையாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தைத்தான். யாராவது கப்பலை இரவல் கேட்டால் இந்த மெல்லிய புத்தகம்தான் கைக்கு வரும். "கப்பல் எங்கயும் போயிடாது. முதல்ல இதப் படி."

அவளுக்கும் அப்படித்தான் ஒன்று வந்தது. பக்கத்துக்கு நாலு வரி ஆங்கிலம், எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "என்ன தம்பி, காலியா கெடந்த வீட்டுக்கு ஒவ்வொருத்தரா திரும்பி வந்துடுறாங்க. இதுல என்ன பயம்?" என்றாள்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணி, ஜப்பான் புத்தகம் வலது பக்கத்துலேர்ந்து தொடங்கும். நீங்க கடைசியிலேர்ந்து வந்திருக்கீங்க."

"என் வழியே நல்லா இருக்கு, போ."

ஆனாலும் சரியான பக்கத்திலிருந்து மறுபடி படித்தாள். ஒரு வீட்டில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாளுக்கு ஒரு நாற்காலி கூடுகிறது. யாரும் வாங்கவில்லை. 'இது முன்னாடியே இருந்ததுதானே' என்று வீட்டார் ஆளுக்கொரு முறை சொல்கிறார்கள். சொன்னவர் மறுநாள் படத்தில் இல்லை. கடைசிக் கட்டத்தில் நாற்காலிகள் மட்டும் இருக்கின்றன. இன்னொன்றில், இறந்துபோன தாயின் சீப்பிலிருந்து முடி வளர்ந்துகொண்டே இருக்கிறது. மகள் பயப்படவில்லை. தினமும் வேலை முடிந்து வந்து அதைப் பின்னிவிடுகிறாள். ரத்தம் இல்லை, பல் இல்லை. சீப்பை அந்த மகள் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறும் ஒரு படம் போதும். அதைப் பார்த்த பிறகு இரண்டு நாள் தன் சீப்பை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை.

இப்போது வாசலில் வாடகை நாற்காலிகள் கிடந்தன. கொழுந்தனோடு படப் புத்தகம் படிக்கும் நண்பர்கள் மூவர் துக்கம் விசாரிக்க வந்திருந்தார்கள். கணவன் ஏற்கெனவே அறையை ஒழித்து, தடிப் புத்தகங்களை அவர்களுக்காக மேசைமேல் அடுக்கியிருந்தான். கண்ணாடி போட்டவன் ஒன்றைப் பிரித்தான். அவன் முகம் மாறியது.

"அக்கா, பின்பக்கம் அறுந்திருக்கே."

"தம்பிதான் அறுத்தான்."

"ஐயோ, எல்லாத்தையுமா? செட்டே பாழாப் போச்சே."

ஆள் போனதற்கு அந்த வீட்டில் யாரும் அப்படி ஒரு 'ஐயோ' சொல்லவில்லை. "அறுத்ததெல்லாம் எங்கங்க?" என்று கணவனைக் கேட்டாள்.

"கிழிசலா கெடந்ததா? பழைய பேப்பரோட மூட்டையில போட்டுட்டேன். நல்லதா இருந்ததை மட்டும் எடுத்து வெச்சேன்."

"நீங்க நல்லதுன்னு எடுத்து வெச்சீங்களே, அதுதான் அவன் வேண்டாம்னு கழிச்சது."

அவள் மூட்டையை வாசலுக்கு இழுத்து வந்து எல்லார் முன்னாலும் கவிழ்த்தாள். செய்தித்தாளுக்கும் மின்கட்டண ரசீதுக்கும் நடுவிலிருந்து காலண்டர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். குனிந்த தலை நிமிரவில்லை. அழுகை என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். அழுகை இல்லை, ஆத்திரம். ஒரு மனிதன் இத்தனை வருஷம் வாய்விட்டுச் சொன்னதை இந்த வீட்டில் ஒரு காதும் வாங்கவில்லை.

சீப்புக் கதையைக் கண்ணாடி போட்டவனிடம் நீட்டினாள். "படிச்சிருக்கீங்களா?"

"அது சும்மா இடத்தை நிரப்புறதுக்குப் போட்டது அக்கா."

"உக்காந்து படிங்க. டீ வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

துக்க வீட்டில் எதிர்த்துப் பேச முடியாமல் படித்தான். "நல்லாத்தான் இருக்கு," என்றான். "ஆனா செட்டு முழுசா இருந்திருந்தா..."

"கெளம்புங்க தம்பி. கப்பலையும் தூக்கிட்டுப் போங்க."

இருவர் செருப்பு மாட்டிக்கொண்டார்கள். மூன்றாமவன் மட்டும் தானாக எடுத்த நாற்காலிக் கதையில் பாதியில் இருந்தான். எழுந்து வரச் சொல்லி அவர்கள் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

மறுவாரம் அவள் அந்தப் புத்தகங்களைக் கடைக்குக் கொண்டுபோய், காத்திருப்பவர்கள் உட்காரும் பெஞ்சில் வைத்தாள். முதலாளி ஒன்றைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "கண்ணாடிக்குக் காத்திருக்கிறவங்க எப்படிம்மா இதப் படிப்பாங்க?"

"புதுக் கண்ணாடி போட்டதும் எழுத்து தெரியுதான்னு பார்க்க ஏதாவது குடுக்கணுமில்ல சார். இதக் குடுக்கலாம்."

இப்போது அந்தக் கடையில் புதுக் கண்ணாடி மாட்டுகிற எல்லாரும் முதலில் பார்ப்பது அந்தச் சீப்பைத்தான். சிலர் உடனே கீழே வைத்துவிடுகிறார்கள். சிலர் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களை அவள் அவசரப்படுத்துவதில்லை.

ஒரு புத்தகத்தை மட்டும் அவள் கடைக்குக் கொண்டுபோகவில்லை. கடைசித் தடிப் புத்தகத்திலிருந்து அறுத்தது. வலது ஓரத்தில் கொழுந்தன் மூன்று துளை போட்டிருக்கிறான். இரண்டில் நூல் ஏறியிருக்கிறது. ஊசி இன்னும் நூலோடு தொங்குகிறது.